போஸ்டர் தவளை

நாய்ப் படையில் சேர்ந்த முதல் தவளை நான். உயரம் அளந்தபோது தோற்றேன். மூச்சை இழுத்து மார்பை விரிக்கச் சொன்னபோது எல்லா நாய்களையும் மிஞ்சினேன். எதற்காக என்னை எடுத்தார்கள் என்று கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை.

சீருடையில் என்னைப் படம் எடுத்து, 'எல்லோருக்குமான படை' என்று போஸ்டர் அடித்து ஊரெங்கும் ஒட்டினார்கள். காவலுக்கு அனுப்பச் சொல்லி மூன்று முறை மனுக் கொடுத்தேன்.

"உனக்கு ஒண்ணு ஆயிட்டா இன்னொரு தவளைக்கு நான் எங்கே போவேன்?" என்றார் தளபதி நாய்.

மழைக்காலத்தில் ஆள் சேர்க்க என்னைக் குளத்துக்கு அனுப்பினார்கள். நாற்பது தவளைகள் கூடியிருந்தன.

"அண்ணே, அங்கே உங்களுக்கு என்ன வேலை?" என்று ஒருத்தி கேட்டாள்.

எனக்குப் பொய் வராது. "படத்துக்கு நிக்கிறதும்மா," என்றேன்.

"அதுக்கு ஏண்ணே அவ்வளவு தூரம் போனீங்க? இங்கேயே நில்லுங்க, நாங்க பார்க்கிறோம்."

எல்லோரும் சிரித்தபடி தண்ணீரில் குதித்துவிட்டார்கள்.

தனியாகத் திரும்பி, நடந்ததை அப்படியே சொன்ன என்னைப் பார்த்துத் தளபதி உறுமினார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியலை. இனி உனக்குப் போஸ்டர் கிடையாது. நாளையிலிருந்து வாசல் காவலுக்கு நில்லு. அதுதான் தண்டனை."

படையில் சேர்ந்ததிலிருந்து நான் செய்த கடினமான வேலை, அப்போது சிரிக்காமல் நின்றதுதான்.