கொக்கியில் மாட்டிய கவுன்

சாண்ட்ரா ரோஜா நிற நெட் கவுனை இஸ்திரி போட்டுக் கதவுக் கொக்கியில் மாட்டிய பிறகுதான் ஜுரம் ஏறியது. ராயபுரத்தில் எந்த விருந்துக்குப் போனாலும் இப்படிப் பூ வேலை செய்த, தரையைத் தொடும் கவுன்தான் அவளுக்கு வேண்டும். "நீ மட்டும் போய்ட்டு வா" என்று கணவன் பிராங்கிளினைக் கல்யாண ரிசப்ஷனுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தாள்.

பிராங்கிளின் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். விருந்து ஹாலில் மூலை நாற்காலியைப் பிடித்தால் பிரியாணிக்குத்தான் எழுந்திருப்பான். தங்கள் ரிசப்ஷனில் ஆடும்போது அவள் கவுனை மிதித்துக் கிழித்துவிட்டான்; ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் ஆடியதில்லை.

கண் திறந்தபோதெல்லாம் கவுன் கொக்கியில்தான் இருந்தது.

அவன் வேர்த்து நனைந்த சட்டையோடு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

"இன்னாமே, ஜுரம்னு சொல்லிட்டு பின்னாடியே வந்து நின்ன! நாம ஆடி எத்தினி வருசமாச்சு? அதுக்குள்ள எனக்கு முன்னாடி வூட்டுக்கு வந்து படுத்துகினு கீற."

சாண்ட்ரா போர்வைக்குள்ளிருந்து அவன் முகத்தையே பார்த்தாள். அவனை இத்தனை சந்தோஷமாகப் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

"நான் இன்னா சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லல. சிரிச்சிகினே இருந்த." அவன் தலையைச் சொறிந்தான். "மறுபடியும் மிதிச்சிட்டேன், கோச்சிக்காத."

அவன் குளிக்கப் போனதும் அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். கவுன் இஸ்திரி கலையாமல் தொங்கியது. கீழே லேஸ் மட்டும் கிழிந்து, அதன்மேல் ஷூ தடம் பதிந்திருந்தது.

அடுத்த ஞாயிறும் ஒரு விருந்து இருந்தது. யார் போட்டுக்கொண்டு போவது என்று யோசித்தபடி சாண்ட்ரா ஊசியில் நூல் கோத்தாள்.