கந்தோர்க் காக்கா

"இவவுக்கு முழங்கால் ஏலா மகள். பாலைவனத்தில எங்க நடக்கிற?" என்றார் கச்சி முகம்மது, கதிரையின் நுனியில் இருந்தபடி, பக்கத்திலிருந்த மனைவியைக் காட்டி. அந்தப் பயண முகவர் நிலையத்துக்குள் ஏசி ஓடியும் அவருக்கு வியர்த்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் அகீலா சிரித்தாள். காத்தான்குடியில் வயதானவர்களுக்கென்றே அவள் போட்ட கத்தார்ப் பயணம் அது. "நடக்கத் தேவையில்ல மாமா. கூடார வாசல் வரைக்கும் வாகனம் போகும். சில்லு வெச்ச கதிரையும் இரிக்கி."

"ராவையில ஒண்டுக்குப் போறெண்டா?"

"கூடாரத்துக்குள்ளயே கொமட் இரிக்கி. சுடுதண்ணியும் வரும்."

"அந்த வெயில்?"

"டிசம்பர்லதானே போறம். பொழுதுபட்டாச் சுவெட்டர் போடோணும்."

என்ன கேட்டாலும் அந்தப் பிள்ளையிடம் ஒரு பதில் இருந்தது. அவருக்கு எரிச்சல் வந்தது. மனைவி ஆசியா உம்மா வாயே திறக்கவில்லை. இத்தனைக்கும் பாலைவனம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். கத்தாரில் வேலைசெய்யும் மகன் நௌஷாட், கடைத்தெரு, கடற்கரை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "எனக்கு அந்த மணலக் காட்டினாப் போதும் மகன்" என்றுவிட்டாள்.

முழங்கால் எல்லாம் சாட்டு. மனுசனுக்குப் பயம், வேறொன்றுமில்லை.

கத்தாரில் பதினான்கு வருடம் ஏசி போட்ட கந்தோரில், பெரிய அலுவலகமொன்றில், ஸ்டோர் கீப்பராக இருந்தேன் என்பது அவர் வீட்டுக்கும் ஊருக்கும் சொன்ன கதை. ஊரும் அண்ணன் முறை வைத்து 'கந்தோர்க் காக்கா' என்று பட்டம் கொடுத்தது. இரண்டு மகள்மாருக்கும் மாப்பிள்ளை வந்தது அந்தப் பட்டத்தைப் பார்த்துத்தான். உண்மையில் அவர் அங்கே செய்தது பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிற வேலை. முதல் வருடம் வெட்கத்தில் சொன்ன பொய். பிறகு அதை இறக்கி வைக்க ஒரு இடம் கிடைக்கவில்லை.

விடுமுறையில் வந்திறங்கினால் அவருடைய அத்தர் வாசம் தெருமுனைக்கே வரும். ஆசியா உம்மா வெளிநாட்டுச் சாமான்களைத் தொடவே மாட்டாள். முதலில் அவருடைய உடுப்பையெல்லாம் கிணற்றடிக்கு அள்ளிக்கொண்டு போய், இரண்டு தரம் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் மற்ற வேலை. சரியான சுத்தக்காரி என்று அயலார் மெச்சுவார்கள்.

"விருப்பமெண்டா ஒட்டகத்திலயும் ஏறலாம் மாமா" என்றாள் அகீலா.

"அது சரிவராது. ஒட்டகம் எழும்பக்குள்ள முதல்ல பின்னங்காலத்தான் தூக்கும். இவ முன்னுக்குக் குப்புற விழுந்திடுவா."

"மாமாக்கு எப்பிடித் தெரியும்?"

கச்சி முகம்மது நாக்கைக் கடித்துக்கொண்டார். "டீவியில பாத்த" என்றார். ஆசியா உம்மா கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கேயே நாக்கு இப்படிப் பிசகுகிறது. அங்கே போய், பழைய ஆள் எவனாவது வந்து "ஒட்டகக்காரா" என்று கையைப் பிடித்தால்? கூட வருகிறவர்களில் பள்ளிவாசல் தலைவர் பதியுதீனும் ஒருவர். அவர் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி.

அந்த நேரம் பார்த்து நௌஷாட் அழைத்தான். அகீலா தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"வாப்பா, பாலைவனத்துக்குப் போற வழியில உங்கட பழைய கந்தோருக்கும் ஒரு எட்டுப் போவம். கம்பனிட பேரச் சொல்லுங்க, கூகிள் மெப்பில தேடுறன்."

"அத இழுத்து மூடிட்டாங்க மகன்."

"கட்டிடம் இரிக்கும்தானே. இடத்தச் சொல்லுங்க."

பேரும் இல்லை, இடமும் இல்லை. பெற்ற பிள்ளைக்கு முன்னால், இந்த வயதில், பொய்யனாக நிற்கப் போகிறார். "அது வந்து... எயார்போட் பக்கம்..." என்று இழுத்தார்.

"கந்தோரப் பாத்து என்ன மகன் செய்யிற?" ஆசியா உம்மா அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினாள். "நாலு செவரும் ஒரு ஏசியும்தானே. அது இஞ்சயும் இரிக்கி. என்னப் பாலைவனத்துக்கு மட்டும் கூட்டிப் போ, போதும்."

"சரி, உம்மாட விருப்பம்" என்று மகன் விட்டுவிட்டான். தலைக்கு வந்தது தொப்பியோடு போயிற்று.

ஓட்டோ, பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களை ஒட்டி வீட்டுக்குத் திரும்பியது. மூச்சு வந்ததும் கச்சி முகம்மதுவுக்குக் கோபமும் வந்தது.

"இந்த முழங்கால வெச்சிக்கிட்டு அந்த மணல்ல என்னத்தப் பாக்கப் போறாய்?"

"நீங்க இரிந்த இடத்த ஒருக்காப் பாக்கோணும்."

"நான் இரிந்தது கந்தோரில."

ஆசியா உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவர் பக்கம் சாய்ந்தாள். ஓட்டோக்காரனுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அந்த உடுப்பெல்லாம் துவைச்சது நான்தானே. சொல்லுங்க, உங்கட ஒட்டகங்களுக்குப் பேர் வெச்சிருந்தீங்களா?"