அலுவல் நிமித்தம்

"அண்ணாச்சி, நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து ஆபீசர் வாராரு. இவரு இங்கன இல்லன்னா என் வேலை போயிரும்" என்று கெஞ்சினார், கோவில்பட்டி அருங்காட்சியகப் பொறுப்பாளர் வேதமாணிக்கம்.

எப்போதும்வென்றான் கிராமத்து விவசாயி இன்னாசிராஜ் அசையவில்லை.

"கம்மங்காட்டுல ராத்திரி பூரா பன்னி. இவரு சும்மா வந்து நின்னாப் போதும். இந்த மியூசியத்துக்கு அலமாரி, ஃபேனு எல்லாம் வாங்கித் தந்தது எங்க ஊருதான?"

"போன தடவை அனுப்புனேனே. மழையில நனைஞ்சு மூஞ்சி வீங்கிப்போயில்லா திரும்பி வந்தாரு."

"இந்தத் தடவை நானே குடை பிடிக்கேன். வாயத் தொறந்து பேச மாட்டாரு, சோறு தண்ணி கேக்க மாட்டாரு. இப்படி ஒரு காவக்காரரு வேற எங்கன கிடைப்பாரு?"

வேதமாணிக்கம் சாவிக்கொத்தை எடுத்தார்.

மறுநாள் ஆபீசர் காலிக் கண்ணாடி அலமாரி முன்னால் நின்றார்.

"வைக்கோல் அடைச்சுப் பாடம் பண்ணி வச்சிருந்த சிறுத்தை எங்கய்யா?"

வேதமாணிக்கம் கையைக் கட்டிக்கொண்டார். "அலுவல் நிமித்தம் எப்போதும்வென்றான் போயிருக்கு சார். பன்னி விரட்ட."

ஆபீசர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பன்னி நிஜமாவே ஓடுதா?"

"ஓடுது சார்."

"விளாத்திகுளத்துல என் மாமனாருக்கும் கம்மங்காடுதான்யா. அடுத்த வாரம் அங்க அனுப்பிரு."