பட்டியலில் முதல் தெரு

"நவம்பர்லேருந்து பதினோரு தடவை பனி கொட்டியிருக்கு. பதினோரு தடவையும் பனி தள்ளுற லாரி முதல்ல போனது ஹேசல் சந்துக்கு. மூணே வீடு இருக்கிற முட்டுச்சந்து!"

ஆல்டர் ஃபால்ஸ் நகர மன்ற உறுப்பினர் ஆர்டிஸ் லிண்டால், தேதிவாரியாக எழுதி வைத்திருந்த நோட்டைத் தூக்கிக் காட்டினாள். கூட்டத்துக்கு வந்திருந்த நாற்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

நகராட்சிக்கும், ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒன்பது வருடமாக ஓர் ஒப்பந்தம். பள்ளிப் பேருந்து போகும் தெருக்களில் நகராட்சியின் நான்கு லாரிகளும் முதலில் பனியைத் தள்ளிவிட வேண்டும். பதிலுக்கு அந்த லாரிகளைப் பள்ளியின் பணிமனையில் பழுது பார்த்துக் கொடுப்பார்கள். எந்தத் தெரு முதலில், எது அடுத்தது என்ற பட்டியல் மாதாமாதம் பள்ளியிலிருந்து வரும். காரணம் எழுதியிருக்காது.

"அந்தப் பட்டியலைப் போடுறது யாரு?"

"நான்தான்," என்றார் பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் லைல் நீமன்.

"ஹேசல் சந்துல குடியிருக்கிறது யாரு?"

"அதுவும் நான்தான்."

கூட்டம் சிரித்தது.

"எங்க மேட்டுத் தெருவுல எழுபத்திரண்டு வீடு. பத்து மணி வரைக்கும் முழங்கால் பனியில நிக்கிறோம். உங்க கார் மட்டும் ஆறு மணிக்கே ஜம்முனு கிளம்புது. என்ன காரணம், லைல்?"

"பள்ளிக்கு அது தேவைப்படுது, ஆர்டிஸ்."

"பள்ளிக்கா, உங்களுக்கா?"

நீமனின் காது சிவந்தது. கையிலிருந்த பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்தச் சந்தைப் பட்டியல்லேருந்து எடுக்கணும். இல்லேன்னா ஒப்பந்தமே வேண்டாம். அடுத்த மாசம் ஓட்டுக்கு விடுறேன்," என்றாள் ஆர்டிஸ்.

"நான் அங்க குடியிருக்கிறதுதான் பிரச்சினையா?"

"வேற என்ன?"

"சரி. அடுத்த கூட்டத்துக்குள்ள அதைச் சரி பண்ணிடறேன்."

ஆர்டிஸ் அன்றைக்கு ஜெயித்த நடையோடு வீட்டுக்குப் போனாள்.

இரண்டே வாரத்தில் செய்தி வந்தது. நீமன் வீட்டைக் காலி பண்ணிவிட்டார். ஏரிக்கு அந்தப் பக்கம், மளிகைக் கடை மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறார். பதினாறு வருடம் இருந்த வீடு அது.

"நோட்டைப் பார்த்ததும் மனுஷன் பயந்துட்டார்," என்று அண்டை வீடுகளில் சொல்லிச் சிரித்தாள் ஆர்டிஸ்.

பிப்ரவரிப் பட்டியல் வந்த அன்று, தானே பார்த்துவிடலாம் என்று லாரி கொட்டகைக்குப் போனாள். பொறுப்பாளர் டுவேன் தாளை நீட்டினான்.

முதல் வரி: ஹேசல் சந்து. காலை 5.50க்குள்.

"பழசைக் குடுக்கிறியே, டுவேன்."

"காலையில வந்ததுதான் மேடம். தேதியைப் பாருங்க."

பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

"அவர்தான் போயிட்டாரே! இப்ப அங்க யாரு இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? போகச் சொன்ன இடத்துக்குப் போறோம். நீமன்கிட்டயே நான் ஒரு தடவை கேட்டேன். 'காப்பி ஆறுது, குடி'ன்னார். அவ்வளவுதான் பதில்."

"நானே கண்டுபிடிக்கிறேன்," என்றாள் ஆர்டிஸ்.

வியாழக்கிழமை விடிவதற்குள் ஒரு சாண் பனி விழுந்திருந்தது. ஆர்டிஸ் காரைத் தட்டுத் தடுமாறி ஓட்டி வந்து, ஹேசல் சந்து முனையில் நிறுத்தினாள். மடியில் நோட்டு.

5.48. லாரி வந்தது. சந்தைச் சுத்தமாக வழித்துவிட்டுப் போனது. நேரம் குறித்தாள்.

6.02. சின்னப் பள்ளிப் பேருந்து ஒன்று வந்து நடு வீட்டு வாசலில் நின்றது. அதையும் குறித்தாள்.

கதவு திறந்தது. ஒரு தாய் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண். மூக்கிலிருந்து ஒரு குழாய், நாற்காலிக்கு அடியில் இருந்த கருவிக்குப் போனது. பேருந்தின் பக்கவாட்டிலிருந்து ஒரு பலகை இறங்கி, வழித்த தரையில் சமமாக உட்கார்ந்தது. நாற்காலி ஏறியது. அந்தச் சிறுமி டிரைவரிடம் என்னவோ சொல்ல, அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தாய் காருக்கு அருகே வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"வண்டி மாட்டிக்கிச்சாங்க? தள்ளிவிடட்டுமா?"

"இல்லம்மா, சும்மா நின்னேன். பொண்ணு ரொம்பத் தூரம் போகுதோ?"

"ஒரு மணி நேரப் பயணம். பள்ளிக்கூடத்துல ரொம்ப நல்லவங்க. ஊர் பூரா இவளைப் பார்த்துப் பாவப்படக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை."

6.09. பேருந்து கிளம்பியது. ஆர்டிஸ் அதைக் குறிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில், ஓட்டுக்கு விடவிருந்த தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரே வரியில் சொல்லி உட்கார்ந்தாள். அவளுடைய மேட்டுத் தெருக்காரர் வெர்ன் துள்ளி எழுந்தார்.

"ஏம்மா ஆர்டிஸ், நீதானே நோட்டும் கையுமா அலைஞ்சே? இந்த மாசமும் அதே சந்துதான் முதல்ல! இப்ப அங்க எந்தப் பெரிய மனுஷன் இருக்கான்? காரணம் தெரிஞ்சாகணும்!"

நாற்பது தலைகளும் நீமன் பக்கம் திரும்பின. அவர் மெதுவாக எழுந்தார்.

ஆர்டிஸ் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அவரை ஏன் பாக்கிறே, வெர்ன்? அந்தச் சந்து முதல்ல இருக்கட்டும்னு சொன்னது நான்தான். அங்க எனக்கு வேண்டியவங்க இருக்காங்க. பிடிக்கலைன்னா, நவம்பர் தேர்தல்ல எனக்கு ஓட்டுப் போடாதே!"