ஆறு மோட்டார்கள்

ஆறு மோட்டார்களும் அன்று ஓடின என்பதற்கு இன்ஜினியரிடம் ஆறு லாக் புக்குகள் இருந்தன. ஆறிலும் அவருடைய கையெழுத்து இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த ஆடிட்டரம்மா அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, தான் எழுதிய குறிப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரை இறைக்க, பிற்பகல் இரண்டு மணியிலிருந்து எட்டு மணி வரை ஆறு மோட்டார்கள் ஓடியதாகப் பணம் கொடுக்கப்பட்டுள்ளது. அன்று அங்கே ஒரு மோட்டாரும் ஓடவில்லை. விளக்கம் தேவை.

இன்ஜினியருக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்திரண்டு வருட சர்வீஸில் எத்தனையோ ஆடிட்டர்களுக்குத் தண்ணி காட்டியவர் அவர்.

ஆனால் இந்த அம்மா வேறு ரகம். நகர மேம்பாட்டுத் திட்டத்தின் கணக்கைப் பார்க்க வந்து மூன்று வாரமாகிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எந்தக் கையெழுத்தானாலும் சரி, அதே ஆளின் இன்னொரு கையெழுத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் தாளைப் புரட்டுவார்.

சுரங்கப்பாதைக் கணக்குக் கட்டை மட்டும் முதல் நாளே கேட்டு வாங்கினார். வாங்கியவர் அதன் நாடாவைக்கூட அவிழ்க்கவில்லை. முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூங்கா, தெருவிளக்கு, நடைபாதை என்று மற்றதையெல்லாம் பார்த்தார்.

"ஏதோ எதிர்பாக்குறாங்க போல," என்று இன்ஜினியர் தலைமை எழுத்தரிடம் கண்ணடித்திருந்தார்.

இன்று கடைசி நாள். இன்றுதான் நாடா அவிழ்ந்தது.

இன்ஜினியர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. இந்தக் குறிப்பு நீக்கப்படாமல் நின்றுவிட்டால் ஓய்வூதியத்தில் கை வைத்துவிடுவார்கள்.

உண்மையைச் சொன்னால், அன்று அவர் சுரங்கப்பாதைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டு நாள் கழித்து கான்ட்ராக்டரின் ஆள் ஆறு லாக் புக்குகளைக் கொண்டுவந்து நீட்ட, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எல்லோரும் செய்வதுதான். அதனால் உலகம் ஒன்றும் முழுகிப்போகவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

"எதை வச்சு மேடம் ஓடலைன்னு சொல்றீங்க? நேர்ல பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

ஆடிட்டரம்மா அந்தக் கட்டுக்குள் தேடவில்லை. தன் கைப்பையைத் திறந்து, உள்ஜிப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்து வைத்தார். மடிப்புகள் நைந்துபோய், பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

ஆம்புலன்ஸின் டிரிப் ஷீட். அதே தேதி.

கிளம்பியது மூன்று மணி ஐந்து நிமிடம். சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர், வண்டி நின்றது மூன்று இருபது. பின்னால் வண்டிகள் அடைத்துக்கொண்டன. திரும்ப வழி கிடைத்தது நாலு முப்பத்தைந்து. ஆஸ்பத்திரி சேர்ந்தது ஐந்து பத்து.

நோயாளி: சிறுமி, வயது ஆறு. மூச்சுத்திணறல்.

குறிப்பு என்ற இடத்தில் டிரைவர் பேனாவை அழுத்தி எழுதியிருந்தார். தண்ணீர் இறைக்க ஒரு மோட்டார் இல்லை, ஒரு ஆள் இல்லை. குழந்தை வண்டியிலேயே இறந்துவிட்டது.

இன்ஜினியர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மனசு பதறினாலும் புத்தி ஓட்டை தேடியது. உறவுக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கும் தாள் இந்த அம்மாவிடம் எப்படி வந்தது?

மூன்று வாரமாக ஆடிட்டரம்மாவைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. கண் தானாகக் கையெழுத்துக்குப் போனது.

உடன் வந்தவர்: தாய்.

கீழே இருந்த கையெழுத்தில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. ஆனாலும் கடைசி எழுத்திலிருந்து கீழே இறங்கும் நீண்ட கோடும் அதன் அடியில் இரண்டு புள்ளியும் தெரிந்தன.

பக்கத்திலேயே தணிக்கைக் குறிப்பு கிடந்தது. அதன் அடியிலும் அதே நீண்ட கோடு. அதே இரண்டு புள்ளி.

சம்பந்தப்பட்டவர் அந்தக் கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது. அது விதி. இன்ஜினியர் மேலிடத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், குறிப்பு செல்லாமல் போகும். அந்த அம்மாவின் வேலைக்கும் வேட்டு. அதெல்லாம் தெரிந்தேதான் ஆடிட்டரம்மா அந்தத் தாளை அவர் முன்னால் வைத்திருக்கிறார்.

தலை நிமிர்ந்து பார்க்க இன்ஜினியருக்குத் தைரியம் வரவில்லை.

"ஆறெல்லாம் வேணாம் சார். ஒண்ணு ஓடியிருந்தா போதும்," என்றார் ஆடிட்டரம்மா.

இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். 'அன்று ஒரு மோட்டாரும் ஓடவில்லை. நான் அங்கே போகவே இல்லை' என்று விளக்கத்தில் எழுதினார். கீழே போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

ஆடிட்டரம்மா தாளை வாங்கி, வழக்கம்போல ஒரு லாக் புக்கைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு டிரிப் ஷீட்டை எடுத்துப் பழைய மடிப்புகளிலேயே மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஒப்புக்கொண்ட குறிப்புக்கு ஆதாரம் இணைக்க வேண்டியதில்லை. அந்தத் தாளை இனி அவரே வைத்துக்கொள்ளலாம்.