ஐந்தாம் வரிசைச் சிரிப்பு

ஹாலிவுட் படங்களில் படிக்கட்டில் உருண்டு உருண்டே இடுப்பு தேய்ந்துபோன சிரிப்பு நடிகன் வில்பர் டான்ஸ்லி, முதன்முறையாகச் சோக வேடம் ஏற்றிருந்தான்.

"வெள்ளோட்டத்துல ஜனங்க அழுதா, உனக்கு இனிமே சோகப் படந்தான். சிரிச்சா, பழையபடி படிக்கட்டு, மூஞ்சியில கேக்கு" என்று முதலாளி கிராண்டல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

திரையில், மரணப் படுக்கையிலிருந்த காதலியின் கையை வில்பர் பற்றினான். பேசாப்படமாதலால் உதடுகள் மட்டும் துடித்தன. 'நீயில்லா உலகில் எனக்கென்ன வேலை?' என்ற எழுத்துகள் தோன்றின. பியானோ விம்மியது; அரங்கமே கைக்குட்டையைத் தேடியது.

ஐந்தாம் வரிசை மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"முதலாளி, எவனோ ஆள் வச்சுக் கெடுக்கிறான்!" என்று பொருமிய வில்பர், விளக்கு எரிந்ததும் அங்கே பாய்ந்தான்.

"ஒரு பொண்ணு சாகுறா, உங்களுக்கு இளிப்பா? மனுசங்கதானா நீங்க?"

அவன் முகத்தையே உற்று நோக்கியவர்கள், தமக்குள் விரல்களால் ஏதோ பேசி மீண்டும் சிரித்தார்கள்.

அவர்களுடன் வந்திருந்த பெண்மணி எழுந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க சார். இவங்களுக்குக் காது கேக்காது. உதட்டசைவ வச்சே பேச்சைப் புரிஞ்சுக்குவாங்க."

"அதுக்கு ஏன் சிரிக்கணும்?"

"படம் பிடிக்கிறப்ப அந்தப் பொண்ணுகிட்ட நெசமா என்ன சொன்னீங்க? 'இன்னைக்கும் வெங்காயமா தின்னே? புண்ணியமாப் போகும், அந்தப் பக்கம் திரும்பிச் சாவு!'"

படம் முழுவதும் கலங்காத கிராண்டலின் கண்களில் இப்போது நீர் வழிந்தது. சிரிப்பை அடக்க மாட்டாமல் அவர் கேட்டார்:

"கேக்குக்குச் சொல்லிடவா, தம்பி?"