வீட்டுக்காரர் பேரு

ஒத்தக்கடை மண்டபத்தில் ஞாபகமறதி முகாம். நர்ஸ் நான்தான் கேள்வி கேட்டு மார்க் போட வேண்டும். அப்புறம்தான் டாக்டர் பார்ப்பார்.

"உங்க பேரு என்னம்மா?"

"தங்கப்பொண்ணு."

"ஊரு?"

"அலங்காநல்லூரு." டக்கென்று வந்தது.

"வீட்டுக்காரர் பேரு?"

வாயைத் திறந்தார். மூடினார். முந்தானையைத் திருகினார்.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். தங்கப்பொண்ணம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் அவ சொல்ல மாட்டா தாயி. புருசன் பேரைச் சொல்றது எங்க வழக்கத்துலயே இல்ல."

"டெஸ்டுக்குத்தானேய்யா? ஒரு தடவை சொல்லட்டும்."

"சொல்லக்கூடாதுன்னா சொல்லக்கூடாது. அடுத்த கேள்வியக் கேளு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எந்தக் காலத்துலய்யா இருக்கீங்க? பொண்டாட்டி உங்க பேரைச் சொன்னா ஆயுசு கொறஞ்சிருமா?"

"ஆமா, கொறஞ்சிரும். இப்ப என்னங்கற?"

வரிசை மொத்தமும் சிரித்தது, இந்தத் தடவை அவரைப் பார்த்து. "பெரிய ஜமீன்தாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

தங்கப்பொண்ணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆமா தாயி, நான் சொல்ல மாட்டேன்" என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

அந்தக் கேள்விக்கு மட்டும் மார்க் போடாமல் விட்டேன். மனசுக்குள் அந்த மனுசனைத் திட்டிக்கொண்டே மிச்சக் கேள்விகளை முடித்தேன். இந்த அம்மா இவரோட எப்படித்தான் இம்புட்டு வருசம் குப்பை கொட்டுச்சோ!

கொஞ்ச நேரத்தில் அவர் மட்டும் திரும்பி வந்தார். தூரத்தில் ஃபேனுக்குக் கீழே அந்த அம்மா டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா?" விறைப்பாகத்தான் கேட்டேன்.

யாருக்கும் கேட்காமல் குனிந்து சொன்னார்.

"அந்தப் பேரு கேள்விக்கு முட்டை போட்ரு தாயி. டாக்டரு சரியாப் பாத்து மருந்து எழுதணும்ல?"

"வழக்கம்னு சொன்னீங்களே?"

"வழக்கமாவது ஒண்ணாவது! அவ எங்க அத்தை மக. சின்னப்புள்ளையில இருந்து 'ஏ ஆண்டிச்சாமி'ன்னுதான் கூப்பிடுவா. தெருவுக்கே கேக்கும்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மூணு மாசமாத்தான் தாயி, கூப்பிடல."